மோதிர விரலுக்கு நிரந்தர உத்தரவு

பென்னலூரில் வேர்க்கடலை நன்றாக விளையும் ஒரு மேட்டு நிலத்தைக் கண்டதும், இங்கேதான் விமானத்துக்கு மின்கம்பி கட்ட வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்கக் கூடாது. மேலிடத்துக்குத் தோன்றுவதற்கெல்லாம் காரணம் தேடிப் புறப்பட்டவன் ஊர் திரும்பியதில்லை. எழுபதுகள் முடியும் சமயம் அது. கடலைக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள், கேட் போட்டார்கள், கேட்டுக்கு ஒரு காவலாளி போட்டார்கள், கடைசியில் 'வானூர்தி மின்கம்பித் தொகுப்பு நிலையம்' என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்பது பேச்சு.

கனகத்தின் வீட்டிலிருந்து அவள்தான் போனாள். அவள் புருஷன் அப்பாவு ஏர் பிடிப்பதில் சூரன். ஆனால் நேர்காணலில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்ட அதிகாரியிடம், "இந்த ஆபீஸ் கட்டியிருக்கிற எடத்துல மழ பேஞ்சா எந்த மூலையில தண்ணி நிக்கும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டான். அது தகுதிக் குறைவாகக் கருதப்பட்டது. எட்டாவது தேறிய கனகம், "ஒண்ணும் தெரியாதுங்க, சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்" என்றாள். உடனே எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டது தற்காலிகமாக. முதல் சரக்கை மேலிடம் ஏற்றுக்கொண்டால் அத்தனை பேருக்கும் நிரந்தரம். ஏற்காவிட்டால் அத்தனை பேருக்கும் வீடு. வீட்டுக்குப் போனால் பிழைக்க நிலம் கிடையாது. அதன்மேல்தான் நிலையம் நிற்கிறது. இது மட்டும் கனகத்துக்கு யாரும் பாடம் நடத்தாமலே புரிந்தது.

மற்றவற்றைப் புரியவைக்க வகுப்பு நடந்தது. மேலாளர் கோதண்டராமனே நடத்தினார். அவர் விமானத்தில் ஒரே ஒரு முறை போயிருக்கிறார். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. ஆகையால் விமானத்தின் உட்புறத்தைக் கூர்ந்து கவனித்தவர் என்று பெயர்.

"வயர் என்பது யாது?" என்று ஆரம்பித்தார். "உள்ளே கம்பி, மேலே உறை. பல வயர்களை ஒரே உறைக்குள் போட்டால் அது கேபிள். வயர், கேபிள் எல்லாவற்றையும் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த அளவுக்கு வெட்டி, கிளை பிரித்து, கட்டி, நுனியில் கனெக்டர் மாட்டினால் அது ஹார்னஸ். நாம் செய்யப்போவது ஹார்னஸ். வயரை ஹார்னஸ் என்று சொல்பவரும், ஹார்னஸை வயர் என்று சொல்பவரும் இந்த வளாகத்துக்குள் இருக்கக் கூடாது."

நல்ல பாடம். ஒரு காலை வேளைக்குப் போதுமானது. கோதண்டராமன் அதை நாலு மாதம் நடத்தினார், ஏனென்றால் வயர் வந்து சேரவில்லை. வரும்வரை கை பழகட்டும் என்று வாலாஜாபாத்திலிருந்து சணல் கயிறு வாங்கிப் போட்டார்கள். ஒட்டுப்பலகையின் மேல் வரைபடத்தை ஒட்டி, கோடு போகும் வழியெல்லாம் ஆணி அடித்து, அந்த ஆணிகளின் நடுவே சணலை ஓட்டி, மெழுகு நூலால் முடிச்சுப் போட்டார்கள். கட்டி முடித்ததை ஆணியிலிருந்து தூக்கினால் முதுகில் புரளும் பின்னல் மாதிரியே இருக்கும். பெண்கள் அதற்குச் சடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு முனையில் மின்சாரம் விட்டால் மறு முனையில் பல்பு எரிய வேண்டும் என்பது சோதனை. சணலில் பல்பு எரியவில்லை. 'பல்பு எரியாமையில் எல்லாச் சடைகளும் ஒரே தரத்தில் உள்ளன' என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. பாராட்டுக் கடிதம் வந்தது.

பிறகு ஒருநாள் வயரும் வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் சூப்பர்வைசர் தாவீது எல்லாரையும் வெளியே கூட்டிப் போய், "பாத்துக்குங்க, அதுக்குத்தான்" என்பார். நல்ல மனுஷன். அந்த நிலையத்தில் வேலை தெரிந்த ஒரே அதிகாரி என்பதால் அவருக்கு அறை கொடுக்கவில்லை.

தாவீது சொல்லிக் கொடுக்க, கனகமும் ராஜம்மாவும் மற்றப் பெண்களும் சேர்ந்து முதல் சடையைக் கட்டினார்கள். ராஜம்மா பிள்ளைப்பாக்கத்துக்காரி, புருஷனை இழந்தவள், வாய்க்குப் பஞ்சமில்லாதவள். பல்பு எரிந்தது. கனகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடலை முளைத்து மண்ணைத் தூக்கும்போது வருகிற அதே சந்தோஷம்தான். அந்தச் சடை மாதிரியாக மேலிடம் போக வேண்டும். அவர்கள் பார்த்து முத்திரை போட்டுத் திருப்பி அனுப்பினால், அதைப் போலவே மற்றதையெல்லாம் கட்டலாம்.

போக வேண்டிய நாளுக்கு முதல்நாள் ஆயுத பூஜை. பூஜை என்றால் கோதண்டராமனுக்குத் தலைகால் புரியாது. "ஒரு பொருள் விடக்கூடாது, எல்லாத்துக்கும் பொட்டு வைங்க" என்று உத்தரவு. ராஜம்மா சந்தனத்தைக் குழைத்துக் கொடுத்தாள், கனகம் மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே போனாள். டைப்ரைட்டருக்கு வைத்தாள், தண்ணீர்ப் பானைக்கு வைத்தாள், காவலாளியின் சைக்கிளுக்கு வைத்தாள். மாதிரிச் சடையின் கனெக்டருக்கும், அதன் உலோக விளிம்பில், ஒரு பொட்டு வைத்து நடுவில் குங்குமமும் வைத்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி தின்றார்கள். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று அவசர அவசரமாகப் பெட்டியை ஆணி அடித்து அனுப்பிவிட்டார்கள். பொட்டைத் துடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்?

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. சடையில் ஈய முத்திரை தொங்கியது. 'மாதிரி ஏற்கப்பட்டது. இனி வரும் அனைத்தும் எவ்வித மாற்றமும் இன்றி இதைப் போலவே இருத்தல் வேண்டும்' என்று ஒரு அட்டை, அதில் ஒரு கையெழுத்து, அடியில் பெயர். பொட்டு காய்ந்து, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கோதண்டராமன் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூலில் கட்டிக்கொண்டார்.

பெண்கள் ராப்பகல் பாராமல் சரக்கைக் கட்டி முடித்தார்கள். தரப் பரிசோதகர் நரசிம்மன் வந்தார். பூதக்கண்ணாடியால் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், சரக்கைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். எல்லாச் சடையையும் தள்ளினார்.

"முடிச்சு சரி. நீளம் சரி. பல்பு எரியுது. ஆனா மாதிரியில மஞ்சளா ஒரு வட்டம், நடுவுல செவப்பு. இதுல எங்கே?"

தாவீது மெதுவாக, "சார், அது சந்தனம்" என்றார்.

"அது சந்தனமா சாணியான்னு நான் கேக்கலை மிஸ்டர் தாவீது. எனக்கு விமானம் பறக்குமா பறக்காதான்னுகூட தெரிய வேண்டாம். அங்க இருக்கிறது இங்க இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தது, அது ஒண்ணுதான் நான் பாக்கிறது. யோசிக்கிற பரிசோதகன் ஆபத்தானவன்."

தன் விரலால் வந்த வினை, தான் போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று கனகம் நினைத்தாள். வெள்ளந்தி. மேலாளர் அறைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, அது நான் வெச்ச பொட்டுங்க. பூஜையன்னிக்கு நீங்க எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னீங்கோ, வெச்சிகினே போனேன். அத்தத் தொடச்சிட்டுப் பாக்கச் சொல்லுங்க, எல்லாம் ஒண்ணா இருக்கும்."

கோதண்டராமன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பொட்டுன்னு சொல்லாதே கனகம். நீ சொல்றபடி அது வெறும் பொட்டுன்னா, மேலிடம் ஒரு பொட்டைப் பாத்து முத்திரை போட்டிருக்குன்னு ஆகும். மேலிடம் அப்படிச் செய்யுமா?"

"செய்யாதுங்களா?"

"செய்யாது. அதனால அது பொட்டு இல்லை."

"அப்ப அது இன்னாங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் கமிட்டி போடப்போறேன். இதோ பாரும்மா, பொட்டுன்னு ஒத்துக்கிட்டா மாதிரி செல்லாது. மாதிரி செல்லாட்டி சரக்கு செல்லாது. மறுபடி மாதிரி, மறுபடி முத்திரை. அதுக்குள்ள இந்த நிலையத்தோட கெடு முடிஞ்சு, பூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கென்ன, வேற ஊர். உங்களுக்கெல்லாம்? என் சர்வீஸ்ல இதுவரை ஒரு தப்புகூட நடந்ததில்லை. ஏன் தெரியுமா? நானா எதையும் செஞ்சதில்லை."

கனகம் வெளியே வந்தாள். வாசலில் நின்ற ராஜம்மா, "இன்னாடி சொன்னாரு?" என்று கேட்டாள். "நம்ம வெச்சது பொட்டு இல்லியாம்" என்றாள் கனகம். ராஜம்மா கொஞ்சம் யோசித்து, "அப்ப பூஜையே செல்லாதே" என்றாள்.

கமிட்டிக்குத் தாவீது தலைவர். சந்தன விஷயத்தில் ஒரு கிறிஸ்தவர்தான் பாரபட்சமில்லாமல் இருப்பார் என்பது கோதண்டராமனின் கருத்து. தாவீது கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்த வட்டத்துக்கு 'இருநிற விளிம்புக் குறி' என்று பெயர் சூட்டினார்கள். அதே பொருளால், அதே இடத்தில் வாங்கி, அதே கருவியால் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

பொருள் வாங்கியது வாலாஜாபாத்தில் தாண்டவராயன் பூஜைக் கடையில். நிலையத்து ஜீப் போய் அவர் கடை வாசலில் நின்றது. நரசிம்மன் இறங்கி, வில்லைச் சந்தனத்தை முகர்ந்து பார்த்து, "இதனுடைய தயாரிப்பு முறை என்ன?" என்று கேட்டார். தாண்டவராயன் ஆடிப்போய், எடையில் ஏதோ புகார் வந்துவிட்டது என்று நினைத்து, ஒரு டஜன் ஊதுபத்தி இலவசமாகக் கொடுத்தார். விஷயம் தெரிந்த மறுவாரம் கடையில் புதுப் பலகை: 'ஆகாய விமானங்களுக்குச் சந்தனம், குங்குமம் சப்ளை செய்பவர்'. சந்தன விலை இரண்டு மடங்காயிற்று. ஊர் ஜனம் முணுமுணுத்துக்கொண்டே வாங்கியது. விமானத்துக்குப் போகிற சரக்காயிற்றே.

கருவிதான் சிக்கல். ராஜம்மா வைத்துப் பார்த்தாள். வட்டம் பெரிசாகப் போயிற்று. தாவீது ஒரு ரப்பர் முத்திரை செய்து காட்டினார். மாதிரியில் இருந்த விரல் ரேகை அதில் இல்லை என்று நரசிம்மன் தள்ளினார். ஆக, கருவி என்பது கனகத்தின் வலது கை மோதிர விரல். விமானத் தொழிலில் கருவி என்றால் சும்மா இல்லை. வயர் நுனியில் கனெக்டர் ஊசியை நசுக்கிப் பொருத்தும் இடுக்கிகூட எண் போட்டு, அளவு சரிபார்த்து, சீட்டுக் கட்டித்தான் உபயோகிக்க வேண்டும். விரலுக்கும் எண் கொடுத்தார்கள். அடியில், நடுவில், நுனியில் சுற்றளவு எடுத்தார்கள். சரிபார்த்த தேதியோடு ஒரு சின்னச் சீட்டை நூலில் கோத்து விரலில் கட்டினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அப்பாவு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுத்துக்கூட்டினான். "இதுல நிரந்தரச் சொத்துன்னு போட்டுகீதே."

"கருவிங்கள்லாம் நிரந்தரமாம். ஆளுங்கதான் டெம்பரவரி."

"அப்ப வெரலு பர்மனென்ட்டு, நீ டெம்பரவரியா?"

"ஆமா."

"வெரலுக்குத் தனியா சம்பளம் வருமான்னு கேட்டியா?"

கனகம் சிரிக்கவில்லை. அழுகையாய் வந்தது. நிலம் போனது, பெயர் போய் எண் வந்தது, இப்போது கையில் ஒரு விரலும் தன்னுடையதில்லை என்று அவளுக்குப் பட்டது. அதிலும் அந்த விரலுக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லை. கேன்டீனில் அவளுக்கு மட்டும் ஸ்பூன் கொடுத்தார்கள், கருவியில் ரசம் படக்கூடாதாம். தயிர்சாதத்தை ஸ்பூனால் துரத்தித் துரத்தி அவள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

ஒருநாள் தோசைக்கல் சுட்டு விரலில் கொப்புளம் போட்டுவிட்டது. வேலை நின்றது. நரசிம்மன் ஜீப்பில் வீட்டுக்கே வந்து, தோசைக்கல்லைப் பார்வையிட்டார். பிறகு அப்பாவுவை விசாரித்தார்.

"நிலையத்துக் கருவியை உங்க சொந்த உபயோகத்துக்கு எடுத்தது ஏன்?"

"சார், அது என் பொஞ்சாதி கை."

"கையைப் பத்தி நான் பேசலை. கையில எனக்கு அதிகாரம் கிடையாது. விரலைப் பத்திதான் கேக்கிறேன்."

அன்றிலிருந்து கொப்புளம் ஆறி, மறுபடி சுற்றளவு எடுக்கும்வரை அப்பாவுதான் தோசை சுட்டான். அவன் சுட்ட தோசையைச் சொல்லக் கூடாது.

ஒருவழியாகச் சரக்கு முழுவதற்கும் பொட்டு வைத்து முடிந்தது. நரசிம்மன் ஒவ்வொன்றாகப் பார்த்து, "அற்புதம்" என்றார். சரக்கு வடக்கே போயிற்று. போன வேகத்தில் புகாரும் வந்தது. கனெக்டரின் விளிம்பு எதிர்க் கனெக்டரின் விளிம்போடு உலோகத்தோடு உலோகமாக ஒட்ட வேண்டும். நடுவில் ஏதோ மஞ்சள் பொருள் இருந்துகொண்டு ஒட்டவிடாமல் செய்கிறது, அது எதுவானாலும் இருக்கக் கூடாது என்று விமானத்தில் சடையைப் பூட்டுகிற இடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். சரக்கையும் திருப்பிவிட்டார்கள்.

ஒரு பக்கம் பொட்டு இருந்தே ஆக வேண்டும் என்று முத்திரை போட்ட மாதிரி. மறு பக்கம் பொட்டு இருக்கவே கூடாது என்று விமானம். சாதாரண மனிதன் திண்டாடிப் போவான். கோதண்டராமன் அப்படி இல்லை. பரிசோதனை மேஜைக்கு அடுத்தாற்போல் ஒரு மேஜை போடச் சொன்னார். அதில் ராஜம்மாவை உட்காரவைத்து, ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும் துணியும் கொடுத்தார். ஆக, கனகம் பொட்டு வைப்பாள், நரசிம்மன் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார், ராஜம்மா துடைத்துவிடுவாள். இரண்டு விதியும் ஒரு பிசகில்லாமல் நிறைவேறின.

"தே கனகம், நீ வெக்கறே, நான் அழிக்கறேன்" என்றாள் ராஜம்மா. "நடுவுல அந்தாளு ஒருத்தரு கும்பிட்டுட்டுப் போறாரு. கோயில்ல கூட இவ்ளோ சுருக்கா நடக்காது."

துடைத்த சரக்கு போனதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்றுக்கொண்டதாக உத்தரவும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு அதிகாரி வந்தார். வடக்கே போய் அங்கேயே தலை நரைத்த தமிழர். மேலிடத்துக்கும் மேலிடம் ஒன்று உண்டல்லவா, அங்கே புதிதாக வந்த ஒருவர், நிலையத்தின் செலவுக் கணக்கைப் பார்த்து, 'சந்தனம் எதற்கு?' என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டாராம். அதை நேரில் விசாரித்து, சரக்கை ஏற்பதா, நிலையத்தை மூடுவதா என்று முடிவு செய்யத்தான் வந்திருந்தார்.

கோதண்டராமன் மாலை போட்டார், ஒரு மணி நேரம் பேசினார். "வயர் என்பது யாது" என்பதிலிருந்து ஆரம்பித்தார். அதிகாரி அதில் மயங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தக் குறியை வைக்கிற ஆள் யாரோ, அவங்ககிட்ட நான் தனியாப் பேசணும்" என்றார். எல்லாரும் வெளியே போனார்கள். கண்ணாடிக்கு வெளியே கோதண்டராமன், நரசிம்மன், தாவீது, அவர்களுக்குப் பின்னால் ராஜம்மாவும் மற்றப் பெண்களும் வரிசையாக நின்றார்கள். ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் நின்று கனகம் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஏம்மா, பயப்படாம சொல்லு. இது எதுக்கு வைக்கிறீங்க? யார் வைக்கச் சொன்னது?"

இத்தனை நாளும் இந்தக் கேள்விக்காகத்தான் கனகம் காத்திருந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. பூஜைக்கு வெச்ச பொட்டுங்க, தொடைக்க மறந்துட்டாங்க. இதைச் சொல்லிவிட்டால் விரலிலிருந்து சீட்டை அவிழ்த்துவிடலாம், கையால் அள்ளிச் சோறு தின்னலாம். வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவர் கையைக் கவனித்தாள். மாதிரியோடு தொங்கிய அட்டையை அவர் பிடித்திருந்தார். அதிலிருந்த கையெழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்திருந்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர் வில்லையைப் பார்த்தாள். மாதிரி வந்த நாளிலிருந்து அந்த அட்டையைக் கண்ணாடி வழியாக எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். அதே பெயர்.

கனகத்துக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. பாவம், இந்த மனுஷனும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்தான்.

"இது இருநிற விளிம்புக் குறிங்க" என்றாள். "சடை முழுசா முடிஞ்சி, பரிசோதனைக்கு ரெடின்னு காட்டறதுக்கு. பரிசோதனை ஆனதும் தொடச்சிடுவோம். அப்ப பாக்காத சடை ஒண்ணுகூட வெளிய போவாது பாருங்க. மாதிரியில முத்திரை போட்ட ஐயா ரொம்ப யோசிச்சித்தான் போட்டிருக்காருங்க. நாங்க எதையும் கூட்டறதும் இல்ல, கொறைக்கறதும் இல்ல."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். அட்டையிலிருந்து கட்டைவிரலை மெல்ல எடுத்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யோசிச்சுத்தான் போட்டேன்" என்றார். "இதைத்தான் அவங்களுக்குப் புரியவைக்க முடியாமத் திண்டாடினேன். நம்ம நாட்டுல சிந்திச்சு ஒரு காரியம் செஞ்சா கேள்வி கேக்கறாங்கம்மா."

சரக்கு அன்றே ஏற்கப்பட்டது. அத்தனை பேருக்கும் நிரந்தர உத்தரவு மாலைக்குள் டைப் அடித்துக் கையில் வந்தது. மற்ற ஊர் நிலையங்களிலும் இந்தக் குறியைக் கொண்டுவரப் பரிந்துரைப்பதாக அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். கோதண்டராமன் ஜீப் வரைக்கும் ஓடினார். தாவீது கனகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த சடைக்கு வயர் வெட்டப் போனார். ராஜம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைத்தது.

வீட்டில் அப்பாவு உத்தரவை வாங்கி, தலைகீழாக இல்லாமல் பார்த்துக்கொண்டு, பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தான். விரல் என்று எங்கும் போடவில்லை. கனகம் என்றுதான் இருந்தது.

"கேட்டாரா? பொட்டப் பத்தி?"

"கேட்டாரு."

"உண்மைய சொல்லிட்டியா?"

கனகம் சீட்டுக் கட்டிய விரலை மடக்கிக்கொண்டு, மீதி விரல்களால் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"பாவம், ரொம்ப பயந்துகினு இருந்தாரு. தைரியம் சொல்லி அனுப்பி வெச்சேன்."